தொழிற்சாலைக் கேமராவுக்கு லினக்ஸ் டிரைவர்: இருக்கிற இடைமுகத்தை நீட்டுவதா, புதிதாக ஒன்று போடுவதா?

கேமராவின் மாதிரிப் போர்டும் தடிமனான ரெஜிஸ்டர் கையேடும் மேசைக்கு வந்த அன்றே டிரைவர் எழுதுகிறவருக்குத் தோன்றுவது இதுதான்: "தனியாக ஒரு டிவைஸ் ஃபைல், நாலைந்து ஐஆக்டல். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்." (ஐஆக்டல் என்பது பயன்பாடு டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு.) எனக்கும் தோன்றியிருக்கிறது. ஒருமுறை அப்படியே செய்தும் விட்டேன். ஒரு வாரத்தில் முடிந்தது உண்மைதான். அதற்குப் பிறகு மூன்று வருடம், அந்த நாலைந்து ஐஆக்டலுக்கு ஆவணமும் நான்தான், டெஸ்ட் டூலும் நான்தான், ராத்திரி ஷிஃப்டில் போன் வந்தால் எடுக்கிறவனும் நான்தான்.

இந்த வழிகாட்டி லினக்ஸ் கர்னலை மட்டும் பற்றியது. ஒரு சின்ன டிரைவராவது எழுதிப் பார்த்தவர்கள், லினக்ஸின் வீடியோ இடைமுகமான வி4எல்2 என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படிகளை வரிசையாகப் பாருங்கள். பலருக்கு இரண்டாவது படியிலேயே வேலை முடிந்துவிடும்.

தொடங்குமுன்: ஒரு இடைமுகத்தின் ஆயுள்

லினக்ஸின் பழைய வீடியோ இடைமுகமான வீடியோ ஃபார் லினக்ஸின் முதல் பதிப்பில் குறைகள் நிறைய. அதைச் சரிசெய்ய வந்த இரண்டாம் பதிப்பு, அதாவது வி4எல்2, 2002-இல் 2.5.46 கர்னலில் சேர்ந்தது. அப்படியானால் பழையது எப்போது போனது? 2011-இல், 2.6.38 கர்னலில். நடுவில் எட்டு வருடத்துக்கு மேல் இரண்டும் கூடவே ஓடின. பழைய பயன்பாடுகள் உடையாமலிருக்க மொழிபெயர்ப்பு அடுக்கு ஒன்றையும் தூக்கிச் சுமந்தார்கள்.

கர்னலுக்குள்ளே இருக்கும் ஃபங்ஷன்களை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பயனர் பக்கம் காட்டிய இடைமுகம் அப்படியில்லை. அதை நம்பி ஒரே ஒரு பயன்பாடு ஓடினாலும் உடைக்கக்கூடாது என்பது கர்னல் உலகின் முதல் விதி. ஆகவே "நீட்டுவதா, புதிதா" என்று கேட்கும்போது இன்று எது எளிது என்று பார்ப்பதில் பயனில்லை. பத்து வருடம் இதை யார் சுமப்பார்கள் என்று பாருங்கள்.

படி 1: கர்னலுக்குள் போகத்தான் வேண்டுமா?

இதைக் கேட்காமலே டிரைவர் எழுத உட்காருகிறவர்கள் அதிகம். கேமரா எந்தக் கம்பியில் வருகிறது என்பதைப் பொறுத்தே பதில்.

ஜிக்-இ விஷன் கேமரா என்றால் அது வெறும் நெட்வொர்க் சாதனம். கட்டளைகள் யூடிபி போர்ட் 3956-இல் போகும். படம் இன்னொரு யூடிபி ஓடையாக வரும். கேமராவுக்குள்ளேயே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். எந்த ரெஜிஸ்டர் எக்ஸ்போஷர், எது கெயின், எதன் அளவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். ஐரோப்பிய மெஷின் விஷன் சங்கம் பராமரிக்கும் ஜெனைகாம் தரம் அது. இதற்குக் கர்னல் டிரைவர் எதற்கு? அராவிஸ் என்ற திறந்த மூல லைப்ரரி இந்த வேலை முழுவதையும் பயனர் பக்கத்திலேயே செய்கிறது.

யூஎஸ்பி3 விஷனும் ஏறக்குறைய அப்படித்தான். பயனர் பக்கத்திலிருந்தே யூஎஸ்பி பேசும் லிப்யூஎஸ்பி லைப்ரரி வழியாக அராவிஸ் அதையும் ஓட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, எத்தனையோ பேர் விழுந்தது. பயனர் பக்கத்திலிருந்து யூஎஸ்பி பேசும்போது கர்னல் ஒதுக்கும் பஃபர் மொத்தமும் முன்னிருப்பாக 16 மெகாபைட்தான். 2448-க்கு 2048 பிக்சல் கொண்ட 5 மெகாபிக்சல் கேமராவின் 8-பிட் ஃப்ரேம் ஒன்று 5 மெகாபைட். மூன்று ஃப்ரேம் வைத்தால் இடம் தீர்ந்தது. ஒரு கேமரா நன்றாக ஓடும். இரண்டாவதைச் செருகியதும் பஃபர் கிடைக்கவில்லை என்று பிழை வரும். உடனே "லிப்யூஎஸ்பி வேகம் போதாது, கர்னல் டிரைவர் வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். யூஎஸ்பிகோர் மாட்யூலின் யூஎஸ்பிஎஃப்எஸ் மெமரி அளவுருவை 1000-க்கு உயர்த்தினாலே சரியாகிவிடும் விஷயம் இது. வரவேண்டிய புது டிரைவர் ஒன்று இப்படி ஒரே வரியில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

வெப்கேம் போலத் தன்னை அறிவிக்கும் யூவிசி கேமராவுக்கு டிரைவர் ஏற்கெனவே கர்னலில் இருக்கிறது. 2008-இல் 2.6.26-இலேயே வந்துவிட்டது. கேமரா தயாரிப்பாளரின் தனி வசதிகளுக்கு யூவிசி தரமே "எக்ஸ்டென்ஷன் யூனிட்" என்று ஒரு கதவை வைத்திருக்கிறது. அதன் வழியே பயனர் பக்கத்திலிருந்து பேச ஐஆக்டலும் டிரைவரிலேயே உண்டு. கேமராவின் ஃபர்ம்வேர் உங்கள் கையில் இருந்தால் இந்தக் கதவைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

மிச்சம் இரண்டு. சிஎஸ்ஐ-2 கம்பியில் வரும் சென்சார் போர்டு, பிசிஐஇ ஃப்ரேம் கிராபர் (கேமராவின் படத்தை வாங்கும் கார்டு). இரண்டிலும் டிஎம்ஏ (வன்பொருளே நேராக நினைவகத்தில் எழுதுவது) இருக்கிறது, இன்டரப்ட் இருக்கிறது, ஐ2சி இருக்கிறது. கர்னலுக்குள் போயே ஆக வேண்டும். கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும்தான்.

படி 2: வசதிகளை ஒரு தாளில் எழுதி, ஏற்கெனவே இருப்பதோடு பொருத்துங்கள்

கேமரா செய்யும் எல்லாவற்றையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். பக்கத்துப் பத்தியில் வி4எல்2-இல் அதற்கு என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். வேலை அவ்வளவுதான். ஆனால் யாரும் செய்வதில்லை, "நம் கேமரா தனி ரகம்" என்ற நினைப்பு முந்திக்கொள்ளும்.

படத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதற்கு செலக்ஷன் இடைமுகம் இருக்கிறது. கெயினுக்கு அனலாக் கெயின் கன்ட்ரோல் (கன்ட்ரோல் என்பது பயன்பாடு படிக்கவும் மாற்றவும் கூடிய ஒரு அமைப்பு). இடவலம் புரட்ட ஃப்ளிப். டெஸ்ட் பேட்டர்னுக்குத் தனி மெனு. நேரடி சென்சார்களில் ஃப்ரேம் வேகத்தை வெர்டிகல் பிளாங்கிங், அதாவது ஃப்ரேம்களுக்கு நடுவே விடும் காலி வரிகள், தீர்மானிக்கும். ஸ்ட்ரோப் விளக்குக்கு ஃப்ளாஷ் வகைக் கன்ட்ரோல்கள் உண்டு. ஃப்ரேம் தொடங்கியதைச் சொல்ல ஃப்ரேம் சிங்க் ஈவென்ட். என் அனுபவத்தில் முப்பது வசதி எழுதினால் இருபத்தைந்துக்கு மேல் பக்கத்துப் பத்தியில் ஏதோ ஒன்று விழுந்துவிடும்.

"ஏதோ ஒன்று" என்று சொன்னதில் எச்சரிக்கையும் இருக்கிறது. பெயர் பொருந்தினால் போதாது, அலகும் பொருந்த வேண்டும். எக்ஸ்போஷரையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்போஷர் அப்சல்யூட் என்ற கன்ட்ரோலின் அலகு 100 மைக்ரோ வினாடி. வெப்கேமுக்கு அது தாராளம். நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு? 100 மைக்ரோ வினாடியில் பொருள் 0.1 மி.மீ. நகர்ந்துவிடும். 0.05 மி.மீ. கீறலைத் தேடுகிறவருக்கு அந்தப் படம் குப்பை. 20 மைக்ரோ வினாடி வேண்டும், அதை இந்தக் கன்ட்ரோலில் எழுதவே முடியாது.

உடனே புது ஐஆக்டல் என்று கிளம்ப வேண்டாம். பக்கத்திலேயே வெறும் எக்ஸ்போஷர் என்று இன்னொரு கன்ட்ரோல் இருக்கிறது. சென்சார் டிரைவர்கள் அதை வரிக் கணக்கில் பயன்படுத்துகின்றன. ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் என்பதை வரியின் அகலம், ஹரிசான்டல் பிளாங்கிங், பிக்சல் ரேட் ஆகிய மூன்றையும் வைத்துப் பயன்பாடு கணக்கிட்டுக்கொள்ளும். ராஸ்பெர்ரி பை குளோபல் ஷட்டர் கேமராவில் இருக்கும் சோனி ஐஎம்எக்ஸ்296 சென்சாரில் ஒரு வரி 14.8 மைக்ரோ வினாடி வரும். 20 கேட்டால் சரியாக 20 கிடைக்காது, வரிக் கணக்கில் பக்கத்தில் வருவதுதான் கிடைக்கும். இது போதுமா என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள், பெரும்பாலும் போதும். போதாவிட்டால்தான் அடுத்த படி.

படி 3: ஏணியின் எந்தப் படிக்கட்டு?

இரண்டாவது பத்தியில் காலியாக நின்ற வசதிகளுக்கு உடனே "புதிது" என்று முத்திரை குத்தக்கூடாது. நீட்டுவதற்கும் புதிதாகப் போடுவதற்கும் நடுவே பல படிக்கட்டுகள் உண்டு. கீழிருந்து ஏறிப் பாருங்கள், கால் நிற்கிற முதல் படிக்கட்டிலேயே நில்லுங்கள்.

கீழ்ப் படிக்கட்டு, இருக்கிற கன்ட்ரோலில் புது மதிப்பு: மெனுவில் ஒரு வரி கூடுதலாக, டெஸ்ட் பேட்டர்னில் இன்னொன்று.

அடுத்தது, உங்கள் டிரைவருக்கே உரிய கன்ட்ரோல். கர்னலின் கன்ட்ரோல் ஹெடர் கோப்பில் டிரைவர் வாரியாக 16, 32 என்று எண்கள் ஒதுக்கிவைக்கும் வழக்கம் இருக்கிறது. நீங்களும் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்தப் படிக்கட்டுதான் எல்லோரும் தாண்டி ஓடுவது. ஆனால் இதில் கிடைக்கிற இலவசங்களைப் பாருங்கள். கன்ட்ரோல் ஹேண்ட்லரில் பதிவு செய்த நிமிடமே வி4எல்2-சிடிஎல் கருவியில் பெயரோடும் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்போடும் அது பட்டியலாகிவிடும். வரம்பு மீறிய மதிப்பைக் கர்னலே பார்த்துக்கொள்ளும். ஒரு பயன்பாடு மாற்றினால் இன்னொன்றுக்கு ஈவென்ட் போகும். ஸ்ட்ரீம் ஓடும்போது மாற்றக்கூடாது என்றால் பூட்டிவைக்க ஒரு ஃபங்ஷன் அழைப்பு போதும். தனி ஐஆக்டலில் இத்தனையையும் நீங்களே எழுத வேண்டும். எழுத மாட்டீர்கள். நான் எழுதவில்லை.

மூன்றாவது, எல்லா டிரைவர்களுக்கும் பொதுவான புதுக் கன்ட்ரோல், புது பிக்சல் ஃபார்மட், புது ஈவென்ட். இதற்கு ஆவணம் எழுத வேண்டும், மெயிலிங் லிஸ்ட்டில் வாதாட வேண்டும். நான்காவது, தனி மெட்டாடேட்டா நோடு (படத்தோடு வரும் தகவலுக்கென்று ஒரு டிவைஸ் ஃபைல்). ஐந்தாவது, தனி ஐஆக்டல். வி4எல்2 இதற்கு 192 முதல் தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறது. உச்சியில்தான் முற்றிலும் புதிய கேரக்டர் டிவைஸ்.

ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஏறும் செலவு கூடிக்கொண்டே போகும். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவேதான் பெரிய தாவல். மூன்று வரை, பொதுவான கருவிகள் உங்கள் கேமராவைக் கண்டுகொள்ளும். ஐந்தில் உங்கள் மென்பொருளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

படி 4: ட்ரிகரை வைத்து ஒத்திகை

இப்போது உண்மையிலேயே காலியாக இருக்கும் இடத்துக்கு வருவோம். தொழிற்சாலைக் கேமரா என்றால் முதலில் கேட்பது வெளி ட்ரிகர்: பெல்ட்டில் பொருள் வந்ததும் சென்சார் ஒரு பல்ஸ் அனுப்பும், அந்தக் கணத்தில் ஒரே ஒரு படம். ஜெனைகாமில் இதற்கு ட்ரிகர் மோட், ட்ரிகர் சோர்ஸ், ட்ரிகர் ஆக்டிவேஷன் என்று ஒழுங்கான பெயர்கள் இருக்கின்றன. வி4எல்2-இல் இதற்கென்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட பொதுக் கன்ட்ரோல் இல்லை.

இல்லாத இடத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? 2023-இல் வந்த அந்த ராஸ்பெர்ரி பை குளோபல் ஷட்டர் கேமராவைப் பாருங்கள். ட்ரிகர் பின் போர்டில் இருக்கிறது. ட்ரிகர் மோடுக்கு மாற்ற டிரைவர் மாட்யூலின் அளவுருவில் 1 எழுத வேண்டும். எழுதியதும் பல்ஸ் தாழ்ந்திருக்கும் நேரத்தோடு 14.26 மைக்ரோ வினாடி சேர்ந்து எக்ஸ்போஷர் ஆகும். ஒரு கேமரா வைத்துச் சோதனை செய்கிறவருக்கு இது அருமை. ஆனால் மாட்யூல் அளவுரு என்பது மாட்யூலுக்கு உரியது, கேமராவுக்கு உரியது இல்லை. ஒரே போர்டில் இரண்டு கேமரா போட்டு, ஒன்று ட்ரிகரில், இன்னொன்று சும்மா ஓட வேண்டும் என்றால் வழியில்லை. அதோடு அதில் எழுத ரூட் அனுமதி வேண்டும். பழைய மதிப்பை யார் மாற்றினார்கள் என்று பயன்பாட்டுக்குத் தெரியவும் தெரியாது. நீட்டுவதிலும் தவறான இடத்தில் நீட்டுவது என்று ஒன்று உண்டு, அதற்கு இது உதாரணம்.

சரி, நாம் எப்படிச் செய்வோம்? முதலில் பிரியுங்கள். எந்தப் பின்னில் கம்பி இணைந்திருக்கிறது என்பது போர்டு செய்தவருக்குத் தெரிந்த விஷயம், ஓடும்போது மாறாது. அது டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் விவரம்) போகட்டும். ட்ரிகர் இப்போது வேண்டுமா வேண்டாமா, ஏறும் விளிம்பா இறங்கும் விளிம்பா என்பதைப் பயனர் மாற்றுவார். அது கன்ட்ரோல். டிரைவருக்கே உரிய எண்ணில் ஒரு மெனுக் கன்ட்ரோல்: "ஓயாமல் ஓடு", "வெளிப் பல்ஸ்", "பல்ஸ் அகலமே எக்ஸ்போஷர்". ஏணியின் இரண்டாவது படிக்கட்டு, அவ்வளவுதான்.

கன்ட்ரோல் எழுதுவது எளிது. அதன் பின்விளைவுகளில்தான் மண்டை காயும்.

ஸ்ட்ரீம் ஆன் செய்தபின் பஃபர் வருமென்று பயன்பாடு காத்திருக்கும். பல்ஸ் வராவிட்டால் படமும் வராது. இது பிழையில்லை, பெல்ட் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பல பயன்பாடுகள் இரண்டு மூன்று நொடி பார்த்துவிட்டுக் கேமரா செத்துவிட்டது என்று முடிவு செய்யும். லிப்கேமரா என்ற கேமரா லைப்ரரியிலும் இப்படி ஒரு நேர வரம்பு இருக்கிறது, ட்ரிகர் வேலைக்கு அதை உயர்த்தி வைக்க வேண்டும். உங்கள் டிரைவருக்குள் "இத்தனை மில்லி வினாடியில் ஃப்ரேம் வராவிட்டால் சென்சாரை ரீசெட் செய்" என்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் ட்ரிகர் மோடில் நிறுத்துங்கள். நான் நிறுத்த மறந்து, மதிய உணவு முடிந்து பெல்ட் ஓடத் தொடங்கியதும் முதல் பொருளின் படம் மட்டும் தினமும் காணாமல் போனது. கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. சாப்பாட்டு மணிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, லைனில் வேலை செய்த ஒரு அக்காதான் சொன்னார்.

இன்னொன்று, முன்னிருப்பு மதிப்பு எப்போதும் "ஓயாமல் ஓடு" என்று இருக்கட்டும். வி4எல்2-கம்ப்ளையன்ஸ் கருவியின் ஸ்ட்ரீமிங் சோதனைக்கு ஃப்ரேம் வந்தால்தான் ஆகும். ட்ரிகர் மோடில் விட்டுவைத்தால் அது காத்துக்கொண்டே நிற்கும், உங்கள் டிரைவர் தேறவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

படி 5: பிக்சல் அடுக்கலில் ஏமாறாதீர்கள்

புது பிக்சல் ஃபார்மட் சேர்ப்பது சிறிய நீட்டல்தான். ஆனால் "ஏற்கெனவே இருக்கிறதே" என்று தவறான ஒன்றில் போய் விழுவது இதைவிட அதிகம் நடக்கிறது. 12-பிட் மோனோ படம். இரண்டு பிக்சல், மூன்று பைட். பதினாறின் அடிமானத்தில் முதல் பிக்சல் 123, இரண்டாவது 456 என்று வைத்துக்கொள்வோம்.

சிஎஸ்ஐ-2 வழக்கப்படி அடுக்கினால்: 12, 45, 63.
ஜிக்-இ விஷனின் பழைய மோனோ12பேக்ட் என்றால்: 12, 63, 45.
ஜெனைகாம் பிக்சல் பெயரிடலில் வரும் மோனோ12பி என்றால்: 23, 61, 45.

மூன்றுமே "12-பிட், அடுக்கியது, இரண்டு பிக்சலுக்கு மூன்று பைட்". ஃப்ரேமின் அளவும் ஒரே பைட் எண்ணிக்கை. ஆகவே எந்தச் சோதனையும் பிழை காட்டாது. இரண்டாவதை முதலாவது என்று அறிவித்துவிட்டால் ஒரு விட்டு ஒரு பத்தியில் தப்பான வெளிச்சம் வரும், படம் முழுக்க மெல்லிய செங்குத்துக் கோடு. சென்சார் கெட்டுவிட்டது என்று போர்டைத் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே டெஸ்ட் பேட்டர்னை ஓடவிட்டு, மூல பைட்டுகளை ஒரு வரி எடுத்துக் கையால் பிரித்துப் பாருங்கள். இருக்கும் ஃபார்மட் எதிலும் பொருந்தாவிட்டால் கூச்சமில்லாமல் புது ஃபார்மட் குறியீடு கேளுங்கள். அதற்கு ஆவணத்தில் ஒரு பைட் அட்டவணை எழுதினால் போதும், யாரும் பெரிதாகச் சண்டை போட மாட்டார்கள்.

ஃப்ரேமோடு கூட வரும் தகவலும் இதே ரகம்: அந்தப் படத்துக்கு உண்மையில் ஆன எக்ஸ்போஷர், ட்ரிகர் எண்ணிக்கை, உள்ளீட்டுப் பின்களின் நிலை. எளிய வழி என்று படத்தின் முதல் வரியின் மேல் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. முதல் வரிதானே, யார் பார்க்கப் போகிறார்கள்? ஆட்டோ எக்ஸ்போஷர் பார்க்கும், ஹிஸ்டோகிராம் பார்க்கும். வி4எல்2-இல் மெட்டாடேட்டாவுக்கே தனி பஃபர் வகை இருக்கிறது. யூவிசி டிரைவர்கூட 4.16 கர்னலிலிருந்து அப்படித் தனி நோடு தருகிறது. படத்தின் வரிசை எண்ணையும் மெட்டாடேட்டாவின் வரிசை எண்ணையும் ஒப்பிட்டு ஜோடி சேர்த்துக்கொள்ளலாம்.

படி 6: புதிது உண்மையிலேயே தேவைப்படுவது எப்போது?

ஒரு வசதி இல்லை என்பதற்காகப் புது இடைமுகம் வந்ததில்லை. அடிப்படை மாதிரியே பொருந்தாதபோதுதான் வந்திருக்கிறது.

2011-இல் 2.6.39-இல் மீடியா கன்ட்ரோலர் வந்ததைப் பாருங்கள். அதோடு வந்த டிரைவர் ஓமாப்3 சிப்பின் படச் செயலிக்கானது. சென்சாரிலிருந்து ரிசீவர், அங்கிருந்து ப்ரீவ்யூ, ரீசைசர் என்று கிளை பிரிந்து போகும் குழாய்களை "ஒரு வீடியோ நோடு, ஒரு படம்" என்ற மாதிரியில் எத்தனை கன்ட்ரோல் சேர்த்தாலும் சொல்ல முடியாது. புது மாதிரி வேண்டியிருந்தது. அப்போதும் வி4எல்2-ஐத் தூக்கிப் போடவில்லை, அதன் பக்கத்தில் வைத்தார்கள்.

ரிக்வெஸ்ட் இடைமுகமும் அப்படித்தான். "இந்த ஃப்ரேமுக்கு இந்த எக்ஸ்போஷர், அடுத்ததற்கு வேறு" என்று ஃப்ரேம் வாரியாகச் சொல்ல வழியில்லை என்பது கேமராக்காரர்களின் பழைய புலம்பல். 2018-இல் 4.20-இல் அது கர்னலுக்குள் வந்தபோது முதலில் பயன்பெற்றது கேமரா இல்லை, வீடியோ டிகோடர். கல்யாண வீட்டில் பந்தி போட்டவருக்குக் கடைசியில்தான் இலை என்பது போல.

உங்கள் கேமராவை இந்த அளவுகோலில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே வரி எடுக்கும் லைன் ஸ்கேன் கேமராவுக்குப் படத்தின் உயரமே கிடையாது, ஆகவே வி4எல்2 ஒத்துவராது என்பார்கள். ஆயிரம் வரியை ஒரு ஃப்ரேம் என்று வைத்தால் ஒத்துவரும். பொருள் அறுநூறு வரியில் முடிந்துவிட்டால் பாதி நிரம்பிய பஃபரை என்ன செய்வது என்பது மட்டும் தொல்லை, அதற்கு மெட்டாடேட்டாவில் வரி எண்ணிக்கை போட்டுவிடலாம். இதுவும் மாதிரிப் பொருத்தமின்மை இல்லை.

கோஆக்ஸ்பிரஸ் ஃப்ரேம் கிராபர் வேறு கதை. கேபிளின் மறுமுனையில் எந்தக் கேமரா வருமென்று டிரைவருக்குத் தெரியாது. கேமராவின் எக்ஸ்எம்எல்லைப் படித்து அதன் ரெஜிஸ்டர்களை எழுதுவது பயனர் பக்கத்து ஜெனைகாம் லைப்ரரியின் வேலை. அந்த நூற்றுக்கணக்கான வசதிகளையும் வி4எல்2 கன்ட்ரோலாக மாற்றுவது மடத்தனம். அடுத்த மாதம் வேறு கேமரா வரும். வி4எல்2-இல் இருக்கும் ரெஜிஸ்டர் ஐஆக்டல்களோ பிழை தேடுவதற்கு மட்டும் என்று ரூட்டுக்குள் அடைத்து வைத்தவை. இங்கே நான் இரண்டாகப் பிரிப்பேன். படம் வரும் பாதை வி4எல்2-இலேயே இருக்கட்டும், பஃபர் நிர்வாகம், டிஎம்ஏ-பஃப் பகிர்வு எல்லாம் அங்கே பழுத்துப்போன விஷயங்கள். ரெஜிஸ்டர் படிக்க, எழுத மட்டும் சின்னதாகத் தனி வழி.

இந்தப் பிரிவில் ஒரு ஆபத்து இருக்கிறது. ரெஜிஸ்டர் வழியாகப் பயன்பாடு படத்தின் அகலத்தை மாற்றிவிடும், டிரைவருக்குத் தெரியாது. கேமரா பெரிய ஃப்ரேம் அனுப்பும், பஃபரோ சிறியது. டிஎம்ஏ பஃபரைத் தாண்டி எழுதினால் கர்னல் நினைவகமே நாசம். ஆகவே டிஎம்ஏ நீளம் எப்போதும் டிரைவர் ஒதுக்கிய அளவிலிருந்துதான் வர வேண்டும், கேமரா சொல்லும் அளவிலிருந்து வரக்கூடாது. மிச்சமாக வருவதை வெட்டிப் போட்டு, பஃபரில் பிழைக் கொடி வையுங்கள்.

படி 7: போடத்தான் வேண்டும் என்றால்

ஸ்ட்ரக்சரில் நிலையான அகலம் கொண்ட வகைகளை மட்டும் பயன்படுத்துங்கள். 32-பிட் எண் ஒன்று, அடுத்து 64-பிட் எண் ஒன்று என்று அடுக்கினால் 64-பிட் கர்னலில் அந்த ஸ்ட்ரக்சர் 16 பைட். அதன் மேல் ஓடும் 32-பிட் எக்ஸ்86 பயன்பாட்டில் 12 பைட். ஐஆக்டல் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்சரின் அளவு அடங்கியிருப்பதால் எண்ணே மாறிவிடும், "இப்படி ஒரு ஐஆக்டலே இல்லை" என்று பிழை வரும். 32-பிட் ஆர்மில் இது தெரியாது, அங்கே 8 பைட் எல்லையில்தான் வைப்பார்கள். நடுவில் ஒரு 32-பிட் காலி இடத்தை நீங்களே போட்டுவிடுங்கள்.

அந்தக் காலி இடமும், எதிர்காலத்துக்கென்று ஒதுக்கிய இடங்களும் பூஜ்யமா என்று டிரைவர் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். இன்று சோதிக்காமல் விட்டால், பழைய பயன்பாடுகள் குப்பையை நிரப்பி அனுப்பப் பழகிவிடும். நாளைக்கு அந்த இடத்துக்கு அர்த்தம் கொடுக்கவே முடியாது. பதிப்பு எண் வேண்டாம், என்னென்ன செய்யும் என்று சொல்லும் கொடிகள் போதும்.

நேர முத்திரையை மானோடானிக் கடிகாரத்தில், நானோ வினாடியில், 64-பிட்டில் கொடுங்கள்.

அப்புறம், கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். என் பழைய டிவைஸ் ஃபைலில் நான் செய்யாதது இதைத்தான். லைனில் யாரோ கால் தடுக்கி யூஎஸ்பி கேபிள் கழன்றது. பயன்பாடு ரீட் அழைப்பில் மாட்டிக்கொண்டு நின்றது, கொல்லவும் முடியவில்லை. டிரைவரை இறக்கவும் முடியவில்லை, ஃபைல் திறந்திருந்தது. மெஷினையே ரீபூட் செய்தார்கள், நாற்பது நிமிடம் லைன் நின்றது. வி4எல்2-இல் வீடியோ டிவைஸின் பதிவை நீக்கினால் புது அழைப்புகளுக்குக் கருவி இல்லை என்ற பிழையை மையமே திருப்பிக்கொடுக்கும். காத்திருப்பவர்களை எழுப்பவும் வழி தயாராக இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிரக்கணக்கானோர் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சரிசெய்தது அது. நீங்கள் புதிதாகப் போட்டால் முதல் பிடுங்கலிலிருந்து தொடங்குகிறீர்கள்.

படி 8: மேலே அனுப்புவது

டிரைவர் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு அனுப்பாதீர்கள். முதலில் கருத்துக் கேட்கும் பேட்ச் ஒன்று, லினக்ஸ்-மீடியா லிஸ்ட்டுக்கு. அதில் "இந்த ஐஆக்டல் வேண்டும்" என்று தொடங்க வேண்டாம். "பெல்ட் ஓடுகிறது, பல்ஸ் வருகிறது, ஒரு பல்ஸுக்கு ஒரு படம் வேண்டும், இருப்பதில் இவற்றைப் பார்த்தேன், இந்தக் காரணத்தால் பொருந்தவில்லை" என்று எழுதுங்கள். இரண்டாவது படியில் எழுதிய தாள் இங்கேதான் கைகொடுக்கும். அந்தத் தாள் இல்லாமல் போனால் முதல் பதிலே "ஏன் வி4எல்2 கன்ட்ரோல் போதாது?" என்றுதான் வரும். அடுத்த கேள்வி, இதைப் பயன்படுத்தும் திறந்த மூலப் பயன்பாடு எங்கே என்பது.

பயனர் பக்கத்துக்குத் தெரியும் மாற்றம் தனிப் பேட்ச், ஆவணம் அதோடு, டிரைவர் அதற்குப் பின். வி4எல்2-கம்ப்ளையன்ஸின் வெளியீட்டை முன்னுரைக் கடிதத்திலேயே ஒட்டுங்கள். பதில் வர வாரக்கணக்காகும், கோபப்பட வேண்டாம்.

வாடிக்கையாளருக்கு அதற்குள் கொடுத்தாக வேண்டுமா? டிரைவருக்கே உரிய கன்ட்ரோலாகக் கொடுத்து அனுப்புங்கள். ஆனால் எண்ணை உங்கள் இஷ்டத்துக்கு வைக்காமல், ஒதுக்கிய கட்டுக்குள் இருக்கும்படி பாருங்கள். பிறகு பொதுக் கன்ட்ரோல் ஏற்கப்பட்டால் டிரைவரில் இரண்டு எண்ணையும் வையுங்கள், பழையதில் எழுதினால் புதியதும் மாறட்டும். பயன்பாடு எதுவும் பழையதைத் தொடவில்லை என்று உறுதியான பிறகும் அந்த எண்ணை வேறு வசதிக்குக் கொடுக்காதீர்கள். எங்கோ ஒரு லைனில் ஆறு வருடப் பழைய பைனரி ஒன்று இன்னும் அதில் 1 எழுதிக்கொண்டிருக்கும்.